விண்மீன்களை அளவுகோலாகக் கொண்டு: ரேடியோ குறுக்கீட்டுமானத்தால் செயற்கைக்கோள் பாதையறிந்த வரலாறு

செயற்கைக்கோள் ஒன்று புவியைச் சுற்றும் பாதையை முழுமையாகக் குறிப்பிட ஆறு எண்கள் தேவை. பாதையின் அளவு, அதன் நீள்வட்டத் தன்மை, அது நிலநடுக்கோட்டுத் தளத்தோடு கொள்ளும் சாய்வு, அந்தத் தளத்தை அது வெட்டும் இடம், புவிக்கு மிக அருகே வரும் புள்ளியின் திசை, குறித்த ஒரு கணத்தில் கோள் பாதையில் நிற்கும் இடம் ஆகியவையே அவை. தரையிலிருந்து ஒருமுறை திசையை அளந்தால் இரண்டு கோணங்கள் கிடைக்கும் என்பதால், நேரம் துல்லியமாகத் தெரிந்த மூன்று அளவீடுகள் இருந்தால் ஆறு எண்களையும் கொள்கையளவில் கணக்கிட்டுவிட முடியும். 1801ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் பலேர்மோ நகரில் பியாட்சி கண்டுபிடித்துப் பின்னர் சூரிய ஒளியில் மறைந்துபோன சீரிஸ் என்னும் சிறுகோளின் பாதையை, சொற்பமான திசை அளவீடுகளை மட்டும் கொண்டு காஸ் கணித்துத் தந்ததும், அந்த ஆண்டின் இறுதியில் அவர் சொன்ன பகுதியிலேயே அது மீண்டும் அகப்பட்டதும் இந்த முறையின் வலிமைக்குச் சான்றாயின. தொலைவை அறியாமல் திசையை மட்டும் கொண்டே பாதையை அறிவது என்ற இந்த வானியல் மரபு, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு ரேடியோ அலைகளின் துணையோடு செயற்கைக்கோள்களுக்குப் பயன்பட்டது. அந்த வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் கருவியின் துல்லியத்துக்கு இறுதி ஆதாரமாக நின்றது, கருவிக்கு வெளியே ஏற்கெனவே நன்கு அளக்கப்பட்டிருந்த வானமே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

குறுக்கீட்டுமானத்தின் அடிப்படை எளியது. ஒரே மூலத்திலிருந்து வரும் அலை, ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும் இரண்டு ஆன்டெனாக்களை அடையும்போது, மூலம் நேர் உச்சியில் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடும். சாய்வாக இருந்தால் ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் தொடும். இந்த முன்பின், அலையின் ஏற்ற இறக்கச் சுழற்சியில் இரண்டு ஆன்டெனாக்களும் பெறும் நிலைகளுக்கு இடையிலான வேறுபாடாக, அதாவது கட்ட வேறுபாடாக வெளிப்படும். ஆன்டெனாக்களுக்கு இடையிலான தொலைவு அடிக்கோடு எனப்படுகிறது. அடிக்கோட்டின் நீளமும் அலைநீளமும் தெரிந்திருந்தால், கட்ட வேறுபாட்டிலிருந்து மூலத்தின் திசை கிடைத்துவிடும். அடிக்கோடு எத்தனை அலைநீளங்களுக்குச் சமமோ அந்த அளவுக்குத் திசையறிவு கூர்மையாகும். 1920ஆம் ஆண்டில் மவுன்ட் வில்சன் ஆய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியின் முகப்பில் 20 அடி நீளச் சட்டத்தைப் பொருத்தி, திருவாதிரை விண்மீனின் கோண விட்டத்தை மைக்கேல்சனும் பீஸும் அளந்தது இதே தத்துவத்தின் ஒளி வடிவம்.

ரேடியோ அலைகளுக்கு இத்தத்துவத்தைக் கொண்டுவந்தவர்கள், இரண்டாம் உலகப்போரின்போது ரேடார் பணியில் தேர்ந்து, போர் முடிந்ததும் வானத்தை நோக்கித் திரும்பிய அறிவியலர்கள். சிட்னியின் டோவர் ஹைட்ஸ் கடற்குன்றின் மேல் நின்ற ஒற்றை ஆன்டெனாவை வைத்தே, கடற்பரப்பில் பட்டுத் திரும்பும் அலையை இரண்டாவது ஆன்டெனாவுக்கு ஈடாகக் கொண்டு, சூரியனின் ரேடியோ வீச்சு கரும்புள்ளிகளின் பகுதியிலிருந்து எழுகிறது என்பதை 1946இல் மெக்கிரீடி, பாசி, ரூபி பெய்ன்-ஸ்காட் ஆகியோர் காட்டினர். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரைலும் வான்பெர்க்கும் இரண்டு தனித்தனி ஆன்டெனாக்களைக் கொண்ட குறுக்கீட்டுமானியை இயக்கினர். அந்தக் குழுவைச் சேர்ந்த கிரகாம் ஸ்மித் 1951இல் சிக்னஸ்-ஏ என்னும் ரேடியோ மூலத்தின் இடத்தைத் துல்லியமாக அளந்து தந்ததால்தான், அது ஒரு தொலைதூர விண்மீன் மண்டலம் என்பதைப் பெரிய ஒளித் தொலைநோக்கியால் உறுதிசெய்ய முடிந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் வானில் ஒலித்தபோது கேம்பிரிட்ஜ் குழுவினரால் சில நாட்களுக்குள் அதன் பாதையைக் கணித்து நேச்சர் இதழில் வெளியிட முடிந்ததென்றால், அதற்குக் காரணம் இந்தப் பழக்கமே.

ஆயினும், செயற்கைக்கோளுக்கென்றே திட்டமிட்டு எழுப்பப்பட்ட முதல் குறுக்கீட்டுமானி வலையமைப்பு உருவானது வானியலர்களிடமிருந்து அன்று, ஏவுகணைப் பொறியாளர்களிடமிருந்து. அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் வைக்கிங் ஏவுகணைகளைப் பறக்கவிட்டபோது, அவற்றிலிருந்து வரும் ரேடியோ சைகையின் கட்டத்தை ஒப்பிட்டுப் பாதையறியும் உத்தி அங்கே கைவந்திருந்தது. சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டி ஒரு செயற்கைக்கோளை ஏவப்போவதாக அமெரிக்கா 1955 ஜூலை 29 அன்று அறிவித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே ஆய்வகம் அணியம் செய்திருந்த முன்மொழிவில் இந்தக் கண்காணிப்பு முறையும் ஓர் அங்கமாக இருந்தது. வான்கார்டு என்று பெயர்பெற்ற அந்தத் திட்டம் கடற்படை ஆய்வகத்திடம் ஒப்படைக்கப்பட்டதில், ஏவூர்தியோடு கண்காணிப்பு முறையின் தெளிவுக்கும் பங்குண்டு என்று கருத இடமிருக்கிறது.

அன்றைய நிலையில் வேறு வழிகள் எவ்வளவு குறுகியவை என்பதை நினைத்தால்தான் இந்தத் தேர்வின் அருமை விளங்கும். ரேடாரின் எதிரொலி, தொலைவின் நான்காம் அடுக்குக்கு எதிர் விகிதத்தில் நலிவது. அரை மீட்டர் விட்டமுள்ள ஒரு கோளத்தைப் பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் அன்றைய ரேடாரால் நம்பகமாகத் தொடர்வது அரிது. ஒளிப்படக் கருவியோ, தரை இருண்டும் கோள் வெயிலில் மின்னியும் இருக்கும் அந்திப் பொழுதுகளில், அதுவும் மேகமற்ற வானத்தில் மட்டுமே பயன்படும். கோள் தானே மெல்லிய ரேடியோ சைகையை அனுப்பினால் இவ்விரு தடைகளும் நீங்கும். ஆனால் ஏவூர்தியின் திறன் கிராம் கணக்கில் எண்ணப்பட்டதால், அந்த அனுப்பி மிக இலேசாகவும் மிகக் குறைந்த மின்னாற்றலில் இயங்குவதாகவும் இருக்க வேண்டியிருந்தது. குறைந்த எடையில் கண்காணிப்பு என்ற பொருள்பட, இம்முறையின் முதன்மை வடிவமைப்பாளரான ஜான் மெங்கெல் இதற்கு மினிட்ராக் எனப் பெயரிட்டார். ரோஜர் ஈஸ்டன், மில்டன் ரோசன் ஆகியோரின் பங்கும் இதில் பெரியது.

மினிட்ராக் நிலையம் ஒவ்வொன்றும் 108 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கியது; அதன் அலைநீளம் ஏறத்தாழ 2.8 மீட்டர். வடக்கு தெற்காக ஒன்றும் கிழக்கு மேற்காக ஒன்றுமாக 500 அடி, அதாவது சுமார் 152 மீட்டர் நீளமுள்ள இரண்டு நீண்ட அடிக்கோடுகள் அமைக்கப்பட்டன. இது ஏறத்தாழ 55 அலைநீளங்களுக்குச் சமம். கட்ட வேறுபாடு ஒரு முழுச் சுற்று முடிந்ததும் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடும் என்பதால், உச்சிக்கு அருகே ஒவ்வொரு பாகைக்கும் ஒருமுறை அதே அளவீடு திரும்ப வரும். எந்தச் சுற்று என்பது நீண்ட அடிக்கோட்டுக்குத் தெரியாது. இந்த ஐயத்தைத் தீர்க்கவே குறுகிய அடிக்கோடுகள் உடன் வைக்கப்பட்டன. அவை கரடுமுரடாக ஆயினும் ஐயமின்றித் திசை சொல்ல, நீண்டது அதைக் கூர்மைப்படுத்தியது. வடிவமைப்பாளர்கள் எட்ட விரும்பிய துல்லியம் 20 விகலை. ஒரு பாகையை 3600 ஆகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கே விகலை. 500 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் கோளுக்கு இது ஏறத்தாழ 50 மீட்டர் பிழையாகும். அந்தத் துல்லியத்தை எட்ட, 152 மீட்டர் இடைவெளியில் வந்து சேரும் அலைகளின் முன்பின்னை ஒன்றரை சென்டிமீட்டருக்குள் அறிய வேண்டும். மின்வடத்தின் நீளம் வெயிலில் மாறுவதும், ஆன்டெனாவின் நிலை சற்றே பிறழ்வதும் இந்த ஒன்றரை சென்டிமீட்டரை எளிதில் விழுங்கிவிடும்.

அத்தகைய பிழைகளைக் களையக் கையாண்ட முறையே மினிட்ராக்கின் மிக அழகிய பகுதி என்று சொல்ல வேண்டும். இரவில் ஒரு விமானம், கோளின் அதிர்வெண்ணிலேயே சைகை அனுப்பும் கருவியையும் விட்டுவிட்டு ஒளிரும் விளக்கையும் சுமந்து நிலையத்தின் மேல் உயரத்தில் பறக்கும். ஆன்டெனாக்களின் நடுவே உச்சியை நோக்கி நிறுத்தப்பட்ட ஒளிப்படக் கருவி, விளக்கின் ஒளிப்பொட்டுகளையும் அவற்றுக்குப் பின்னணியிலுள்ள விண்மீன்களையும் ஒரே கண்ணாடித் தகட்டில் பதிவுசெய்யும். விண்மீன்களின் இடங்கள் பட்டியல்களில் மிகத் துல்லியமாக உள்ளவை; ஆகவே ஒவ்வொரு பொட்டின் உண்மையான திசையும் தகட்டை அளந்தாலே தெரிந்துவிடும். அதே கணத்தில் ரேடியோ குறுக்கீட்டுமானி காட்டிய திசையோடு அதை ஒப்பிட்டு, கருவியின் பிழை எவ்வளவு என்று அறிந்து திருத்தினர். தலைமுறை தலைமுறையாக வானியலர்கள் பொறுமையாகத் தொகுத்த விண்மீன் பட்டியல்களின் துல்லியம் இவ்வாறு ரேடியோ கருவிக்குக் கைமாறியது. 20 விகலை என்ற எண்ணுக்கு மதிப்பளித்தது மின்னணுக் கருவியைவிட அதிகமாக அந்தப் பட்டியல்கள்தாம்.

நிலையங்களின் அமைவிடமும் சிந்தித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டதே. புளோரிடாவிலிருந்து கிழக்கு நோக்கி ஏவப்படும் கோள், நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 35 பாகைக்குள்ளேயே சுற்றும் என்பதால், வட அமெரிக்காவிலிருந்து தென் அமெரிக்கா வரை மேற்கு 75ஆம் தீர்க்கரேகையை ஒட்டி நிலையங்களை வரிசையாக நிறுத்தினால், அந்த வேலியைக் கடக்காமல் எந்தச் சுற்றையும் கோளால் முடிக்க இயலாது. மேரிலாண்டின் பிளாசம் பாயின்ட், ஜார்ஜியாவின் ஃபோர்ட் ஸ்டூவர்ட், ஹவானா, கீட்டோவுக்கு அருகே, லிமாவுக்கு அருகே, சிலியில் ஆன்டோஃபகாஸ்டாவும் சான்டியாகோவும் என இந்த வேலி எழுந்தது. ஆன்டிகுவா, சான் டியேகோ, ஆஸ்திரேலியாவின் வூமேரா, தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் ஆகிய இடங்களிலும் நிலையங்கள் அமைந்தன. ஆன்டெனாக்களின் பார்வை வடக்கு தெற்காக அகன்றும் கிழக்கு மேற்காகக் குறுகியும் இருந்தது. பல நாடுகளின் அரசுகள் இதற்கு இடம் தந்தன என்பதும், வேலியின் கணிசமான பகுதி தென் அமெரிக்காவில் அமைந்தது என்பதும் விண்வெளி வரலாற்று நூல்களில் உரிய அளவு பேசப்படவில்லை. அளவீடுகள் தொலையச்சு வழியாக வாஷிங்டனுக்கு வர, அங்கே ஐ.பி.எம். 704 கணினியில் பாதை கணிக்கப்பட்டது. சிறுகோள் பாதைகளைக் கணிப்பதில் வல்லவரான பால் ஹெர்கெட் போன்ற வானியலர்கள் அப்பணியில் பங்கேற்றனர். காஸின் மரபு இங்கே நேரடியாகவே தொடர்ந்தது.

இந்த ஏற்பாடு முழுமையடைந்துகொண்டிருந்த வேளையில், 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அது சைகை அனுப்பிய அதிர்வெண்கள் ஏறத்தாழ 20, 40 மெகாஹெர்ட்ஸ். மினிட்ராக்கோ 108 மெகாஹெர்ட்ஸுக்காகக் கட்டப்பட்டது. சில நிலையங்களில் 40 மெகாஹெர்ட்ஸுக்குரிய ஆன்டெனாக்களை அவசரமாக நிறுவி அளவீடுகளைப் பெற்றனர். 65 பாகைச் சாய்வில் சுற்றிய கோள், 35 பாகைக்கென அமைத்த வேலியின் வரம்புகளுக்கு வெளியேயும் நெடுந்தூரம் சென்றுவந்தது. தாழ்ந்த அதிர்வெண் அலைகளை அயனி மண்டலம், அதாவது சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற மேல்வளிப் பகுதி, கூடுதலாக வளைக்கும் என்பதால் திசையளவும் தடுமாறியது. இதே வாரங்களில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் கையரும் வைஃபன்பாக்கும், கோள் நெருங்கி விலகும்போது சைகையின் அதிர்வெண் மாறும் டாப்ளர் விளைவை மட்டும் கொண்டே பாதையைக் கணித்தனர். ஒரே ஆன்டெனா போதுமான அந்த முறை பின்னாளில் டிரான்சிட் என்னும் கடற்பயண வழிகாட்டிக் கோள்களுக்கு வித்திட்டது. பரந்த நிலமும் நுணுக்கமான அளவுதிருத்தமும் கேட்கும் குறுக்கீட்டுமானிக்கு, தோன்றிய வேகத்திலேயே வலிய போட்டி முறை எழுந்துவிட்டது.

எனினும் மினிட்ராக் தன் உண்மையான விளைச்சலைத் தந்தது, 1958 மார்ச் 17 அன்று ஏவப்பட்ட வான்கார்டு-1 வழியாகத்தான். 16.5 சென்டிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையும் கொண்ட இந்தச் சிறு கோளம், சூரிய மின்கலங்களால் இயங்கிய முதல் செயற்கைக்கோள். அதன் சைகை 1964 வரை கேட்டது. புவிக்கு மிக அருகே வரும்போதும் 650 கிலோமீட்டர் உயரத்தில் இருந்ததால், வளியின் இழுவை அதை அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை. மாதக்கணக்கில் சேர்ந்த அளவீடுகளில் பாதையின் வடிவம் மெல்ல அலைவுறுவதைக் கண்ட ஜான் ஓ'கீஃப், ஆன் எக்கெல்ஸ், கென்னத் ஸ்குவயர்ஸ் ஆகியோர், புவியின் வட, தென் அரைக்கோளங்கள் சமச்சீரானவை அல்ல என்று 1959இல் நிறுவினர். வட துருவப் பகுதியில் கடல்மட்டம் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 15 மீட்டர் உயர்ந்தும் தென் துருவத்தில் ஏறத்தாழ அதே அளவு தாழ்ந்தும் இருப்பதை, பேரிக்காய் வடிவம் என்று செய்தித்தாள்கள் மிகைப்படுத்தி எழுதின. அந்தக் கோளின் பாதையில் எஞ்சியிருந்த வேறொரு பிறழ்வுக்குச் சூரிய ஒளியின் அழுத்தமே காரணம் என்பதை 1960இல் பீட்டர் மூசனும் உடன் பணியாற்றியவர்களும் விளக்கினர். இங்கிலாந்தில் கிங்-ஹீலியும் மெர்சனும் ஸ்புட்னிக்-2இன் பாதைத்தளம் திரும்பும் வேகத்திலிருந்து, துருவங்களில் புவி தட்டையாக இருக்கும் அளவை 1/298 எனத் திருத்தினர். பாதையை அறிவதற்கென எடுத்த அளவீடுகள் புவியையே அளக்கும் அளவீடுகளாகிவிட்டன.

சைகை அனுப்பாத கோள்களுக்கு மினிட்ராக் முறை பயன்படாது என்ற குறையை ரோஜர் ஈஸ்டன் வேறு வழியில் நீக்கினார். தரையிலிருந்து வலிய, இடைவிடாத ரேடியோ அலையை விசிறி வடிவில் வானத்தில் பரப்பி, அதைக் கடக்கும் எந்தப் பொருளிலிருந்தும் சிதறும் அலையைக் குறுக்கீட்டுமானிகளால் பிடித்தால், பொருள் மௌனமாக இருந்தாலும் அதன் திசை தெரியும். தொலைவில் உள்ள இரண்டு நிலையங்கள் ஒரே பொருளின் திசையை அளந்தால், முக்கோண முறையில் அதன் உயரமும் கிடைத்துவிடும். அமெரிக்காவின் தென்பகுதியில் 33ஆம் அட்சரேகையை ஒட்டி 1958இலிருந்து வளர்ந்த இந்தக் கடற்படை விண்வெளிக் கண்காணிப்பு அமைப்பு, பின்னர் ஏறத்தாழ 217 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. டெக்சாஸின் கிக்கபூ ஏரியில் அதன் முதன்மை அனுப்பி இருந்தது. 1960 தொடக்கத்தில் அடையாளம் தெரியாத ஒரு கோள் அமெரிக்காவின் மேல் சுற்றுவது இதில் பதிவாகிப் பெரும் பரபரப்பு எழுந்தது. ஆராய்ந்து பார்த்ததில், முந்தைய ஆகஸ்டில் ஏவப்பட்ட டிஸ்கவரர்-5 கோளிலிருந்து பிரிந்து, எதிர்த்திசையில் உந்தப்பட்டு மேலே போய்விட்ட பெட்டகமே அது என்று தெரிந்தது. நிலையங்களின் கடிகாரங்களை ஒத்திசைக்கும் சிக்கலைத் தீர்க்க முயன்றபோதுதான், துல்லியக் கடிகாரத்தைக் கோளிலேயே வைக்கும் எண்ணம் ஈஸ்டனுக்குத் தோன்றியது. டைமேஷன் என்ற அந்தத் திட்டம் ஜி.பி.எஸ். உருவாக்கத்தில் கலந்தது. மேற்சொன்ன விண்வெளிக் கண்காணிப்பு அமைப்போ 2013 செப்டம்பரில் மூடப்படும் வரை இயங்கியது.

மினிட்ராக் நாசாவின் கைக்கு மாறி, 1960-களில் 136 மெகாஹெர்ட்ஸுக்கு நகர்ந்து, தொலைவையும் வேகத்தையும் நேரடியாக அளக்கும் முறைகள் மேம்பட்டதும் முதன்மை இழந்தது. 152 மீட்டர் அடிக்கோட்டை மின்வடத்தால் இணைத்து எட்டக்கூடிய கூர்மைக்கு ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லையை உடைத்தது, மின்வடமே தேவைப்படாத நெடுந்தொலைவுக் குறுக்கீட்டுமானம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள நிலையங்கள், தத்தம் அணுக் கடிகாரத்தின் நேரத்தோடு சைகையைக் காந்த நாடாவில் பதிவுசெய்ய, நாடாக்களைப் பின்னர் ஓரிடத்தில் சேர்த்து ஒப்பிடுவது அதன் வழி. கனடாவில் அல்கான்குவின், பென்டிக்டன் நிலையங்களுக்கு இடையே 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அடிக்கோட்டில் 1967 ஏப்ரலில் இது நிறைவேறியது. அமெரிக்கக் குழு ஒன்று இதே முறையில், நிலநடுக்கோட்டுக்கு மேல் சுற்றும் டாக்சாட் என்னும் தகவல்தொடர்புக் கோளை ஏழு மணி நேரம் நோக்கி, நிலையங்களுக்கு இடையே சைகை வந்தடையும் நேர வேறுபாட்டை ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையோடு அளந்து அதன் பாதையைக் கணித்த விவரம் 1972இல் வெளியாயிற்று. தரையிலிருந்து பார்க்கும்போது ஏறக்குறைய அசையாமல் நிற்கும் கோளில் டாப்ளர் மாற்றம் மிகச் சிறிது; ஆகவே அத்தகைய கோள்களுக்குத் திசையளவீடு அளிக்கும் துணை தனி மதிப்புடையது.

ஆனால் அடிக்கோடு நீண்டதும் பழைய பகைவர்கள் புதிய வடிவில் திரும்பினர். இரண்டு நிலையங்களின் கடிகாரங்களும் சிறிதளவு வேறுபட்டு ஓடும். இரண்டு நிலையங்களின் மேலுள்ள வளிமண்டல ஈரமும் ஒன்றாக இராது. விண்கலத்தை நோக்கியதும் உடனே ஆன்டெனாக்களைத் திருப்பி, அதற்கு வானில் அருகே இருக்கும் குவேசார் ஒன்றை, அதாவது கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளதால் அசைவே காட்டாத ரேடியோ மூலத்தை நோக்கி, இரண்டு அளவீடுகளையும் கழித்தால், பொதுவான பிழைகள் பெரும்பாலும் நீங்கிவிடும். மினிட்ராக்கின் விமானத்தையும் ஒளிப்படத் தகட்டையும் அறிந்த வாசகருக்கு இதன் உறவு புலப்படும்: அன்று தகட்டில் விண்மீன்கள் செய்த வேலையை இங்கே குவேசார் செய்கிறது. 1970-களின் இறுதியில் வாயேஜர் பயணத்தில் பழக்கத்துக்கு வந்த இந்த வேறுபாட்டு முறை, 1990-களில் பின்தள்ளப்பட்டிருந்தது. 1999 செப்டம்பரில் அலகுக் குழப்பத்தால் செவ்வாய்த் தட்பவெப்பக் கலம் அழிந்தபோது, தொலைவும் டாப்ளரும் பார்வைக்கோட்டின் திசையில் மட்டுமே நன்றாகப் பேசுகின்றன, குறுக்குத் திசையின் பிழையை அவை மறைத்துவிடக்கூடும் என்பது கசப்போடு உணரப்பட்டது. 2001இல் மார்ஸ் ஒடிசி இம்முறையின் துணையோடு செவ்வாயை அடைந்தது. ஒரு ரேடியனின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கோணம், 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் 150 மீட்டருக்குச் சமம் என்ற கணக்கு, இதன் வலிமையைக் காட்டப் போதும். 2007இல் ஏவப்பட்ட ஜப்பானின் காகுயா திட்டம் இரண்டு சிறு துணைக்கோள்களை நிலவைச் சுற்றவிட்டு அவற்றை ஒன்றோடொன்று வேறுபடுத்தி அளந்தது. அதே ஆண்டில் சீனாவும் தன் ரேடியோ தொலைநோக்கி வலையால் சாங்'இ-1 நிலவுக் கலத்தின் பாதையைத் தொடர்ந்தது.

விண்மீன் பட்டியலும் இதற்குள் மாறிவிட்டது. 1998 ஜனவரி முதல் நாளிலிருந்து வானியலில் திசைகளுக்கு அடிப்படையாகச் சர்வதேச வானியல் ஒன்றியம் ஏற்றிருப்பது, ஒளியால் அளந்த விண்மீன்களை அன்று, நெடுந்தொலைவுக் குறுக்கீட்டுமானத்தால் அளந்த ரேடியோ மூலங்களை; தொடக்கத்தில் அடிப்படையாகக் கொள்ளப்பட்டவை 212. கருவிக்கு அளவு கற்பித்த பட்டியலை இப்போது கருவியே எழுதுகிறது. அதனால் ஒரு விண்கலத்தைக் குவேசாரோடு ஒப்பிட்டு அளக்கும்போது, அந்தக் கலம் சுற்றும் கோளும் அதே சட்டகத்தில் இடம்பெற்றுவிடுகிறது. 2004இலிருந்து 2017 வரை சனியைச் சுற்றிய காசினி கலத்தை அமெரிக்காவின் நெடுந்தொலைவு ரேடியோ ஆன்டெனா வரிசையால் பலமுறை அளந்து, கலம் சனியைச் சுற்றிய பாதையை டாப்ளர் அளவீடுகளிலிருந்து தனியே அறிந்து கழித்தபோது, எஞ்சியது சனிக்கோள் சூரியனைச் சுற்றும் பாதையின் திருத்தமாக இருந்தது.